விளையாட்டுப் பெட்டிக்குள் ஓர் அலுமினியத் துண்டு

அரசியலை எதிர்பார்த்து இந்தப் பக்கத்துக்கு வருகின்ற அன்பர்கள் இன்று சற்றே ஏமாற நேரும். கடந்த ஒரு வார காலமாக என் வீட்டில் காலை, மாலை என்ற பேதமின்றி நடந்த விவாதம் ஒன்றுக்கு நானும் ஒரு முடிவு சொல்ல வேண்டியதாயிற்று. சொன்ன முடிவுக்கான காரணத்தை எழுதி வைப்பது நல்லதென்று தோன்றியது. விவாதத்தின் பொருள் மிகச் சிறியது. நீளத்தில் எட்டு சென்ரிமீற்றர்தான் இருக்கும்.

என் தங்கையின் மகன் ரொறன்ரோவில் இருக்கிறான். 2024 நவம்பரில் சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் 5 புரோ என்ற புதிய கன்சோலை வெளியிட்டபோது அதை வாங்கிக்கொண்டு, தன் பழைய பிளேஸ்டேஷன் 5ஐக் கப்பலில் வந்த பெட்டியொன்றுக்குள் வைத்து என் இளைய மகனுக்கு அனுப்பிவிட்டான். பால்மா, சொக்கலேற், இரண்டு குளிர்ச்சட்டை (வெள்ளவத்தையில் குளிர்ச்சட்டை!) ஆகியவற்றுக்கு நடுவே அது பத்திரமாக வந்து சேர்ந்தது. மகனுக்கு ஆனந்தம். ஆனால் சில மாதங்களிலேயே பெட்டிக்குள் இடம் போதவில்லை என்ற முறைப்பாடு தொடங்கிவிட்டது.

அந்த முறைப்பாடு நியாயமானதே. 2020 நவம்பரில் வெளிவந்த முதல் பிளேஸ்டேஷன் 5இல் உள்ள சேமிப்பகம் 825 கிகாபைட் கொண்டது. இயங்குதளம் எடுத்துக்கொண்டது போக, பயன்படுத்துபவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 667 கிகாபைட் மட்டுமே. இன்றைய பெரிய ஆட்டமொன்று 100 கிகாபைட்டைச் சாதாரணமாக விழுங்கும். ஆறு, ஏழு ஆட்டங்களுடன் பெட்டி நிறைந்துவிடுகிறது. பிறகு ஒன்றை அழித்துத்தான் இன்னொன்றை இறக்க வேண்டும். அழித்ததை மறுபடி விளையாட விரும்பினால் மீண்டும் 100 கிகாபைட். மாதாந்த டேட்டாவை அளந்து வாங்கிப் பாவிக்கும் எங்கள் வீடு போன்றவற்றில் இது பொழுதுபோக்குச் சிக்கல் மாத்திரமன்று, குடும்ப வரவுசெலவுச் சிக்கலும் ஆகும். மாதக் கடைசியில் என் மனைவி சகோதரியுடன் முகம் பார்த்துப் பேச முடியாமற் போனதற்குக் காரணம் ஒரு கார்ப்பந்தய ஆட்டம் என்று தெரியவந்த நாளன்று வீட்டில் நிலவிய வெப்பத்தைப் பற்றி நான் இங்கு எழுதப் போவதில்லை.

ஆதலால் மகன் ஒன்பதாம் தரப் பிள்ளைகள் மூவருக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில் 1 டெராபைட் எஸ்எஸ்டி ஒன்றை வாங்கிவந்தான். பச்சைப் பலகையில் நாலைந்து கறுப்புச் சில்லுகள். சூயிங்கம் பக்கற்றைச் சற்று நீட்டிவிட்டது போன்ற ஒரு துண்டு. கன்சோலின் பக்க உறையைக் கழற்றினால் இதற்கென்றே ஒரு குழி இருக்கிறது. அந்தக் குழி முதல்நாள் தொட்டே இருந்தபோதிலும், சோனி அதைப் பாவனைக்குத் திறந்துவிட்டது 2021 செப்டெம்பரில்தான்.

விவாதம் இங்கே ஆரம்பிக்கிறது. இந்தத் துண்டை அப்படியே குழிக்குள் செருகலாமா, அல்லது அதன்மேல் ஹீட்சிங்க் என்று சொல்லப்படும் உலோகத் தகட்டைப் பொருத்தியபின்தான் செருக வேண்டுமா?

கடைக்காரத் தம்பி சொன்னது: "ஐயா, உள்ளுக்குப் பெரிய ஃபேன் இருக்குத்தானே. தேவையில்லை." இன்னொரு கடைக்காரர் அதற்கு நேர்மாறாக, சிறு விசிறியும் நிறம் மாறும் விளக்குகளும் பூட்டிய, கைக்குள் அடங்காத ஒரு பொருளை எடுத்து மேசையில் வைத்து, இது இல்லாமற் போட்டால் ஒரு மாதத்தில் எரிந்துவிடும் என்றார். ரொறன்ரோவிலிருந்து மருமகன் தொலைபேசியில் சாட்சியம் அளித்தான்: "மாமா, அதே பெட்டியிலை நான் ரெண்டு வருசம் வெறும் டிரைவ்தான் போட்டு வைச்சிருந்தனான். ஒண்டும் நடக்கேல்லை."

"ஒன்றும் நடக்கவில்லை" என்ற வாக்குமூலத்தை என் தொழிலில் பலதடவை கேட்டிருக்கிறேன். அதைச் சொல்பவர் பொய் சொல்கிறார் என்பதில்லை. அவர் எங்கே நின்றார், அங்கிருந்து எதைப் பார்க்க முடியும் என்று விசாரிக்காமல் அச்சுக்குக் கொடுக்கக்கூடாது, அவ்வளவுதான். ஆகவே விசாரித்தேன்.

முதலில் உற்பத்தியாளர் சொல்வதைப் பார்ப்போம். சோனியின் ஆதரவுப் பக்கத்தில் இதுபற்றி ஐயத்துக்கு இடமே இல்லை. பிளேஸ்டேஷன் 5இல் பொருத்தப்படும் எம்.2 எஸ்எஸ்டிக்கு, ஹீட்சிங்க், வெப்பம் கடத்தும் தாள் போன்ற குளிர்விக்கும் அமைப்பு அவசியம் என்று அது கூறுகிறது. "நல்லது", "விரும்பத்தக்கது" என்ற சொற்கள் அல்ல, அவசியம். ஏற்கெனவே தகடு பொருத்தப்பட்ட டிரைவை வாங்கலாம், அல்லது தனியாக வாங்கி நாமே பொருத்தலாம். டிரைவ் செக்கனுக்கு 5,500 மெகாபைட் அல்லது அதற்கு மேற்பட்ட வேகத்தில் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது பரிந்துரை. தகட்டுடன் சேர்த்து மொத்தத் தடிப்பு 11.25 மில்லிமீற்றருக்கு மேற்படக்கூடாது. அதில் பலகைக்கு மேலே 8 மில்லிமீற்றர், கீழே 2.45 மில்லிமீற்றர். அகலம் 25 மில்லிமீற்றர் வரை. இரண்டாவது கடைக்காரர் மேசையில் வைத்த அந்த விளக்கு மாளிகை இந்த அளவுகளுக்குள் எந்தக் கணக்கிலும் அடங்காது என்பதை மகன் அடிமட்டம் வைத்து அங்கேயே காட்டிவிட்டான்.

இந்தக் கன்சோலின் பிரதான வடிவமைப்பாளரான மார்க் சேர்னி, 2020 மார்ச்சில் ஆற்றிய உரையிலேயே இப்பிரச்சினையைத் தொட்டிருந்தார். எம்.2 டிரைவ்களின் உயரத்துக்குப் பொதுவான நியமம் கிடையாது, சிலவற்றில் பிரமாண்டமான ஹீட்சிங்க்குகள் உள்ளன, சிலவற்றில் விசிறிகூட இருக்கிறது, எனவே எங்கள் குழிக்குள் எது அடங்கும் என்று நாங்கள் சோதித்துச் சொல்லும்வரை வாங்காதீர்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். எனவே வெப்பம் பற்றிய நிபந்தனை பின்னர் யாரோ வழக்கறிஞர் சேர்த்த வாசகம் அல்ல. பெட்டி சந்தைக்கு வருமுன்பே பொறியியலாளர் மேசையில் இருந்த விடயம் அது.

இனி, சூடாவது எது? எல்லாச் சில்லுகளும் ஒரேயளவு சூடாவதில்லை. தரவைச் சேமிக்கும் நினைவகச் சில்லுகளைவிட, அவற்றுக்குக் கட்டளை கொடுத்துக் கணக்கு வைக்கும் கட்டுப்பாட்டுச் சில்லுதான் கூடுதலாகச் சூடேறும். இந்த வகை டிரைவொன்று முழுவேகத்தில் ஓடும்போது 6 முதல் 9 வாட் வரை மின்சாரம் எடுக்கும். 7 வாட் என்றால் எவ்வளவு? முன்பெல்லாம் சுவாமிப் படங்களுக்கு முன்னால் இராமுழுதும் எரியும் சிறிய சிவப்பு மின்குமிழ் நினைவிருக்கிறதா? ஏறக்குறைய அவ்வளவு. அந்தக் குமிழைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொள்ளாத பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. அந்த வெப்பத்தில் பெரும்பகுதியை ஒரு விரல்நகத்தைவிடச் சற்றே பெரிய சதுரத்துக்குள் அடக்கி, அதன்மேல் ஒரு மூடியையும் போட்டுத் திருகாணியால் பூட்டினால் என்னவாகும் என்பதுதான் கேள்வி.

எரிந்துபோகாது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது கடைக்காரரின் ஒரு மாதக் கெடு வெறும் பயமுறுத்தல். இந்த டிரைவ்களில் வெப்பமானி உள்ளேயே இருக்கிறது. குறித்த எல்லை வந்ததும் கட்டுப்பாட்டுச் சில்லு தானாகவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இயங்கத்தக்க உச்ச வெப்பநிலை என்று பல உற்பத்தியாளர்கள் 70 பாகை செல்சியஸையும் சிலர் 85 பாகையையும் குறிப்பிடுகிறார்கள். அந்த எல்லையை நெருங்கும்போது டிரைவ் ஓட்டத்தை விட்டு நடக்கத் தொடங்கும். கணினியாக இருந்தால் ஒரு சிறு மென்பொருளைத் திறந்து இதை நம் கண்ணால் காணலாம். கன்சோலில் என்ன தெரியும்? ஆட்டம் ஏற்றப்படுவதற்கு நாலு செக்கன் கூடுதலாகும். தூரத்து மலையின் உருவம் ஒரு கணம் மங்கலாக வந்து பிறகு தெளியும். விளையாடுபவன் ஆட்டத்தை எழுதியவர்களைத் திட்டுவான். மருமகனின் "ஒன்றும் நடக்கவில்லை" என்ற சாட்சியத்தில் உள்ள ஓட்டை இதுதான். நடந்திருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

ஆனால் அவன் பக்கத்திலும் வலுவான நியாயம் உண்டு. அதை மறைத்தால் நான் பத்திரிகைக்காரன் அல்லன்.

கன்சோல் ஒன்றின் வேலை பெரும்பாலும் விட்டுவிட்டு வரும் வேலை. பெட்டியின் நினைவகம் 16 கிகாபைட். செக்கனுக்கு 5.5 கிகாபைட் வீதம் வாசித்தால் அதை முழுவதும் நிரப்ப மூன்று செக்கன்தான் ஆகும். அதன்பின் டிரைவுக்கு நீண்ட ஓய்வு. இணையத்திலிருந்து இறக்கும் வேளையிலோ டிரைவ் கிட்டத்தட்ட உறங்குகிறது. செக்கனுக்கு 50 மெகாபிட் இணைப்பு என்பது டிரைவின் கணக்கில் வெறும் 6 மெகாபைட். அதன் வலுவில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. 100 கிகாபைட் ஆட்டத்தை அந்த இணைப்பில் இறக்க நாலரை மணித்தியாலம் பிடிக்கும், சில்லு வியர்க்காது. தகடில்லாத டிரைவைப் போட்டு, வேறுபாடு ஒன்றையும் காணவில்லை என்று சோதித்துச் சொன்னவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் சோதித்த ஆட்டங்கள் அப்படிப்பட்டவை.

விதிவிலக்குகளும் உண்டு. உள்ளே நிறைந்துவிட்ட ஆட்டங்களைப் புதிய டிரைவுக்கு நகர்த்தும்போது அது நிமிடக் கணக்கில் ஓயாமல் எழுத வேண்டியிருக்கும். டிரைவை வாங்கிய முதல்நாளே எல்லோரும் செய்யும் வேலை இதுதான். 2021 ஜூனில் வந்த 'ரச்செட் அன்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்' போன்ற ஆட்டங்கள், விளையாடிக்கொண்டிருக்கும்போதே உலகம் விட்டு உலகம் தாவி, சேமிப்பகத்திலிருந்து இடையறாது வாசிக்கும் வகையில் எழுதப்பட்டவை. இன்னும் வரப்போகின்றவை இந்த வழியில்தான் போகும். வேகமான சேமிப்பகத்தை வைத்தே இந்தப் பெட்டியைச் செய்தார்கள்.

நான் கலைப்பட்டதாரி. பௌதிகவியல் எனக்குப் பகையுமல்ல, உறவுமல்ல. எனினும் மகனின் உயர்தரப் பாடநூலை எடுத்து வைத்துக்கொண்டு, அவன் மேற்பார்வையில் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு கிராம் அலுமினியத்தை ஒரு பாகை சூடாக்க ஏறக்குறைய 0.9 ஜூல் வேண்டும். 20 கிராம் தகட்டுக்கு 18 ஜூல். டிரைவ் 7 வாட்டில் பத்து செக்கன் ஓடினால் வெளிவருவது 70 ஜூல். முழுவதையும் தகடு வாங்கிக்கொண்டாலும் அதன் வெப்பநிலை நாலு பாகைகூட ஏறாது. தகடு இல்லாவிட்டால் அதே 70 ஜூல், ஒரு கிராமும் தேறாத சில்லினுள் பிறந்து, மெல்லிய பலகையில் ஒரு பகுதி பரவினாலும், மளமளவென்று சூட்டை ஏற்றிவிடும். அதாவது இந்தத் தகடு இங்கு செய்யும் முதல் வேலை, சட்டென்று பொங்குகின்ற வெப்பத்தை வாங்கிவைக்கும் பாத்திர வேலை. ஓய்வு வேளையில் அது ஆறுதலாகக் காற்றுக்குக் கொடுத்துவிடும். விட்டுவிட்டு வரும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. சிறிய, விலை மலிந்த, அழகற்ற தகடே போதுமானது என்பதும் இந்தக் கணக்கிலிருந்தே வருகிறது.

கடைக்காரத் தம்பி சொன்ன பெரிய ஃபேன்? உண்மைதான். 2020இல் சோனியே கழற்றிக் காட்டிய காணொளியில் 120 மில்லிமீற்றர் விட்டமும் 45 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட விசிறியைக் கண்டோம். ஆனால் அதன் தலையாய வேலை பிரதான சில்லின் பென்னம்பெரிய ஹீட்சிங்க்கினூடாகக் காற்றைச் செலுத்துவது. அந்தப் பெரிய சில்லுக்கே விசிறி மாத்திரம் போதாமல்தானே உள்ளே அவ்வளவு உலோகத்தை வைத்திருக்கிறார்கள்? காற்று வந்தாலும் அது தொட்டு வெப்பத்தை எடுத்துச்செல்லப் பரப்பு வேண்டும். வழவழப்பான சிறு சதுரத்தின் மேல் ஓடும் காற்றைவிட, வரிவரியாகப் பிளந்த தகட்டின் மேல் ஓடும் காற்று பன்மடங்கு வெப்பத்தை அள்ளும்.

இப்போது நான் விசாரிக்கச் சொன்ன மற்ற விடயம்: சாட்சி எங்கே நின்றார்?

மருமகனின் கன்சோல் இருந்தது ரொறன்ரோவில் ஒரு வீட்டின் நிலவறையில். நான் அங்கு போயிருக்கிறேன். கோடையிலும் அந்த அறையில் கால்விரல்கள் விறைக்கும். 20 பாகை இருந்தால் அதிகம். எங்கள் வீட்டில் தொலைக்காட்சி இருக்கும் கூடம் மேற்குப் பார்த்தது. சித்திரை மாதத்துப் பின்னேரம் சுவர்க்கடிகாரத்தோடு சேர்ந்திருக்கும் வெப்பமானியில் 32, 33 என்று நிற்கும். குளிரூட்டி இல்லை. டிரைவின் சூடு எப்போதும் அறையின் சூட்டுக்கு மேலேதான் ஏறும். அங்கே அறையைவிட 45 பாகை ஏறினாலும் 65தான், எல்லைக்கு உள்ளே. அதே 45 இங்கே ஏறினால் 78. அதே பெட்டி, அதே டிரைவ், அதே ஆட்டம். அவன் வீட்டில் நடவாதது என் வீட்டில் நடக்கும்.

பிளேஸ்டேஷன் 5இன் பாதுகாப்பு வழிகாட்டியில் இயங்கத்தக்க சூழல் வெப்பநிலை 5 முதல் 35 பாகை என்று அச்சிட்டிருக்கிறது. எங்கள் கூடத்துக்கும் அந்த மேலெல்லைக்கும் இடையே மிஞ்சுவது இரண்டு, மூன்று பாகை. மருமகனுக்கு மிஞ்சியது பதினைந்து. யாழ்ப்பாணமோ, வவுனியாவோ, சென்னையோ, துபாயில் குளிரூட்டி நின்றுபோன ஓர் அறையோ, எங்கிருந்தாலும் வாசகர்கள் தங்கள் அறையின் பாகையைப் பார்த்துக்கொண்டு முடிவெடுக்கட்டும். வடதேசத்துச் சோதனை முடிவுகளை அப்படியே இங்கு கொண்டுவந்து நடுவது, பேரீச்சம்பழம் நல்லதென்று நுவரெலியாவில் கன்று வைப்பதைப் போன்றது.

தொண்ணூறுகளில் நான் வேலைக்குச் சேர்ந்த பத்திரிகை அலுவலகத்தில் குளிரூட்டி இருந்த ஒரே அறை பக்கம் வடிவமைக்கும் கணினி அறைதான். ஆசிரியபீடத்தில் மனிதர்கள் வியர்வையில் கடதாசி ஒட்டிக்கொள்ள எழுதிக்கொண்டிருப்போம்; இயந்திரங்கள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் குளிர்காய்ந்துகொண்டிருக்கும். ஒப்புநோக்குகிறோம் என்ற சாக்கில் நாங்களும் அங்கே போய் நிற்பதுண்டு. "இயந்திரத்துக்கு இருக்கிற மரியாதை எங்களுக்கு இல்லை" என்று மூத்த உதவி ஆசிரியர் ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். அன்று சிரித்தோம். ஒருநாள் குளிரூட்டி பழுதாகி, மாலைக்குள் கணினிகள் ஒவ்வொன்றாக நின்றுபோய், மறுநாள் பத்திரிகை எட்டுப் பக்கம் குறைவாக வந்தபோதுதான் அந்த மரியாதையின் காரணம் புரிந்தது.

வெப்பம் தன் வேலையை உடனே காட்டுவதில்லை என்பதற்கு விளையாட்டுப் பெட்டிகளின் வரலாற்றிலேயே பெரிய உதாரணம் உண்டு. 2005இல் வெளிவந்த எக்ஸ்பொக்ஸ் 360 முதலில் நன்றாகத்தான் ஓடியது. பிறகு வீடுவீடாக முன்பக்கத்தில் சிவப்பு விளக்குகள் எரிந்து பெட்டிகள் செத்தன. 2007 ஜூலையில் மைக்ரோசொப்ட் அந்தப் பழுதுக்கான உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டி, அதற்கென 100 கோடி டொலருக்கும் அதிகமான தொகையை ஒதுக்க வேண்டிவந்தது. சூடேறுவதும் ஆறுவதுமாக மாறிமாறி வந்த அழுத்தத்தில் உள்ளே இணைப்புகள் விட்டுப்போனமைதான் கோளாறு. எஸ்எஸ்டிக்கும் அதே விதி நேரும் என்று நான் சொல்லவில்லை. இங்கே தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. மூன்று மாதம் ஓடிவிட்டது என்பதை முடிந்த முடிவாகக் கொள்ளக்கூடாது என்று மட்டுமே சொல்கிறேன்.

என் மனத்தாங்கல் உண்மையில் சோனி மீதுதான். தகடு அவசியம் என்கிறீர்கள். அந்த டிரைவைப் பொருத்தியதும் அது எவ்வளவு வேகத்தில் வாசிக்கிறது என்று அளந்து திரையில் எண் போட்டுக் காட்டுகிறீர்கள். அதே டிரைவுக்குள் வெப்பமானி இருக்கிறது. அது சொல்லும் எண்ணை மட்டும் ஏன் பயனருக்குக் காட்டவில்லை? பெட்டி முழுவதும் அளவுமீறிச் சூடானால் நிறுத்திவைக்கும்படி ஓர் அறிவித்தல் வருகிறது. ஆனால் டிரைவ் 50இல் நிற்கிறதா, 80இல் நிற்கிறதா என்று அறிய வீட்டில் உள்ளவனுக்கு வழியில்லை. அந்த ஓர் எண் திரையில் இருந்திருந்தால் கடைக்காரத் தம்பியும் விளக்கு மாளிகைக்காரரும் மருமகனும் வாய்திறக்கவே தேவை இருந்திராது. ரொறன்ரோவில் இருப்பவன் தகடு வேண்டாமென்று தானே கண்டுகொள்வான். வெள்ளவத்தையில் இருப்பவன் வேண்டுமென்று கண்டுகொள்வான்.

மைக்ரோசொப்ட் வேறு வழியில் போனது. 2020இன் எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸ் பெட்டிக்குக் கூடுதல் இடம் வேண்டுமென்றால் அதற்கென்றே செய்த அட்டையைப் பின்புறத்தில் செருக வேண்டும். முதலில் சீகேட் மட்டுமே அதைச் செய்தது. 1 டெராபைட் அட்டைக்கு அன்று விலை 220 டொலர். ஹீட்சிங்க் என்ற சொல்லையே கேள்விப்படாமல் ஒருவர் அதைச் செருகிவிட்டுப் போகலாம். அந்த நிம்மதிக்கு விலை, வேறு கடை இல்லாமை. சோனியின் வழியில் சந்தையில் கிடைக்கும் எந்தத் தரமான டிரைவையும் விலை பேசி வாங்கலாம். எனக்கு இந்தச் சுதந்திரமே பிடித்திருக்கிறது. என்றாலும் வாங்குபவனிடம் பொறுப்பைக் கொடுத்தவர்கள் கையில் ஒரு வெப்பமானியையும் கொடுத்திருக்க வேண்டும்.

அது கிடையாத நிலையில் என் தீர்ப்பு சோனியின் பக்கமே விழுந்தது: தகடு வேண்டும். மகன் வாங்கிய சாதாரண அலுமினியத் தகட்டின் விலை, டிரைவின் விலையில் இருபதில் ஒரு பங்குகூட வரவில்லை. அது இல்லாமற் போட்டு, டிரைவ் ஒருவேளை உரிய காலத்துக்கு முன் கண்ணை மூடினால், இந்தப் பெட்டிக்கோ டிரைவுக்கோ எங்களுக்காக யாரிடமும் போய் நியாயம் கேட்க இயலாது. போன ஆட்டங்களை மறுபடி இறக்க வேண்டிய டேட்டாவின் கணக்கு தனி. ஒன்பதாம் தரப் பிள்ளைகளின் சமன்பாடுகளில் சேர்ந்த காசு அது. விளக்குகளும் விசிறியும் செப்புக் குழாய்களும் வேண்டியவர்கள் மேசைக் கணினிக்கு வாங்கட்டும். இந்தக் குழிக்குள் அவற்றுக்கு இடமும் இல்லை, வேலையும் இல்லை.

ஞாயிறு காலை பொருத்தும் வைபவம் நடந்தது. நான் கைவிளக்குப் பிடித்தேன். தகட்டோடு வரும் மென்மையான வெப்பக் கடத்தி நாடாவின் இரு பக்கத்திலும் மெல்லிய பிளாஸ்ரிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரிக்க மறந்து அப்படியே ஒட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். சில்லுக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு, தகடு பூட்டியிருக்கிறேன் என்று திருப்திப்படுகிறவர்கள். மகனும் ஒரு பக்கத்தை மறந்துதான் போனான். டிரைவின் மேல் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டைக் கிழிக்கப் போனவனையும் தடுத்தேன். சில நிறுவனங்கள் அதைக் காரணங்காட்டி உத்தரவாதத்தை மறுத்துவிடும். திருகாணியை மட்டாகத்தான் முறுக்கினான். மூடி சரியாக மூடியது.

பிறகு கன்சோலைத் தொலைக்காட்சி அலுமாரியின் கண்ணாடிக் கதவுக்குள் இருந்து வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். வழிகாட்டி 10 சென்ரிமீற்றராவது விடச் சொல்கிறது. அத்தனை நாளும் அது அந்த அடைத்த அலுமாரிக்குள்தான் வெந்துகொண்டிருந்திருக்கிறது. அலுமாரியின் சாவி என்னிடம் இருந்தபடியால் அந்தப் பிழைக்குப் பொறுப்பு நானே. பின்பக்கக் காற்றுவழிகளில் கடற்காற்றோடு வந்த தூசி சாம்பல் நிறத்தில் படிந்திருந்தது, தூரிகையால் எடுத்தோம்.

மாலையில் மருமகன் அழைத்தான். எல்லாவற்றையும் விவரித்தேன். ஒரு கணம் பேசாமல் இருந்துவிட்டு, தன் புதிய பெட்டியிலும் வெறும் டிரைவைத்தான் போட்டிருப்பதாகச் சொன்னான். நிலவறையில் இருக்கும்வரை பயமில்லை, மேல்மாடிக்கு வெயில் படும் அறைக்கு மாறினால் ஒரு தகடு வாங்கிப் போடு என்றேன்.

"அந்தத் தகடு அங்கை என்ன விலை மாமா?" என்று கேட்டான்.